சொன்னதும் சொல்லாததும்
சட்டக் கல்லூரி அநுமதிப் பரீட்சையின் கிரகித்தல் வினாக்கள்

கிரகித்தல் என்னும் பயிற்சி கீழ்வகுப்பு மாணாக்கர்க்கே உரியதென்று பலரும் எண்ணுவர். ஓர் உரைப்பகுதியைக் கொடுத்து, அதன்கீழ் ஐந்தாறு வினாக்களை அடுக்கி, அவற்றுக்குரிய விடைகளை அப்பகுதியிலிருந்தே எடுத்தெழுதச் செய்வது வகுப்பறையில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். மாணாக்கன் மேல்வகுப்புக்கு ஏறியதும் இப்பயிற்சி கைவிடப்படுகின்றது. அவன் வாசிக்கக் கற்றுவிட்டான் என்பது எவரும் கேளாமலே ஒப்புக்கொள்ளப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ, பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, அதன்மேற் சட்டம் பயில விழையும் ஒருவர் மீண்டும் கிரகித்தல் வினாக்களின் முன் அமர்த்தப்படுகின்றார். பட்டம் பெற்றவர்க்கும் வாசிக்கத் தெரியுமோ என்னும் ஐயத்தின்மேல் எழுந்தது அவ்வேற்பாடு. அவ்வையம் தகுமா, அதனைத் தீர்க்கக் கையாளப்படும் வினாக்கள் அத்தொழிலுக்கு ஏற்றனவா என்பன ஆராயத்தக்கன.

சட்டக் கல்லூரி அநுமதிப் பரீட்சை 1948 ஆம் ஆண்டில் முதன்முறையாக நடத்தப்பட்டது. எல்சாற் என்னும் சுருக்கப் பெயரால் அது வழங்கும். பரீட்சார்த்தி பெறும் பேறு 120 முதல் 180 வரையுள்ள ஓர் எண்ணாக வெளிப்படும். ஒருவர் எக்கல்லூரியில் இடம் பெறுவர், எவ்வளவு உதவிப்பணம் பெறுவர் என்பவற்றை அவ்வெண் பெரிதும் தீர்மானிக்கவல்லது. சட்ட அறிவு எதுவும் அங்கே சோதிக்கப்படுவதில்லை என்பது முதலிற் கேட்பார்க்கு வியப்பளிக்கும். நியாயங்களின் வன்மை மென்மைகளை ஆராயும் வினாக்களும், கிரகித்தல் வினாக்களும் அதன் உறுப்புக்கள். கொடுத்த நிபந்தனைகளைக் கொண்டு ஆட்களையும் பொருள்களையும் ஒழுங்குபடுத்தும் புதிர் வினாக்கள் பிறிதோர் உறுப்பாய் நெடுங்காலம் இருந்தன. 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் அவை நீக்கப்பட்டுவிட்டன. நெடுங்காலம் ஏறக்குறைய நாலிலொரு பங்காயிருந்த கிரகித்தல் இப்பொழுது மூன்றிலொரு பங்காய் உள்ளது. அதன் குணங்குற்றங்களை நாடவேண்டிய தேவையும் அவ்வளவுக்கு மிகுந்துள்ளது.

பொதுமையிற் பேசுவதினும் ஒரு வினாத்தாளை எடுத்து நோக்குவதே பயனுடைத்து. 2007 ஆம் ஆண்டு யூன் மாத வினாத்தாளைப் பரீட்சையை நடத்தும் சபையே யாவரும் பயிலுமாறு விலையின்றி வெளியிட்டது. அதன் கிரகித்தற் பிரிவில் நான்கு பகுதிகளும் அவற்றின்மேல் 27 வினாக்களும் உள. காலம் 35 நிமிடம். முதற்பகுதி கவிதைக்கும் புனைகதைக்கும் இடையே அமெரிக்கர் எழுப்பிய மதிலைப் பற்றியது. இரண்டாவது, இசையின் தோற்றம் பற்றி இருவர் எழுதிய இரு சிறு கட்டுரைகளை அடுத்தடுத்து வைத்தது. மூன்றாவது, இணையத்தில் எழும் பதிப்புரிமைச் சிக்கலைப் பேசுவது. நான்காவது, அயர்லாந்தின் நிலத்தோற்றம் காலந்தோறும் மாறியவாற்றை ஆராய்வது. இரு கட்டுரைகளை ஒப்பிடச் செய்யும் முறை அவ்வினாத்தாளிலேயே முதன்முறை புகுந்தது.

ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகள் தரப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். பரீட்சார்த்திக்குத் தரப்படும் அறிவுறுத்தல் கூர்ந்து நோக்கத்தக்கது. ஐந்தனுள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஓரளவுக்கு விடையாகவும் கூடும் என்பதை அது வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கின்றது. ஒப்புக்கொண்டு, மிகச் செவ்விதாகவும் முழுமையாகவும் வினாவை நிறைவிப்பது எதுவோ அதனையே தெரிக எனப் பணிக்கின்றது. அன்றியும், பகுதியில் வெளிப்படையாகக் கூறப்பட்டதையும் குறிப்பாற் பெறப்படுவதையும் கொண்டே விடை காணல் வேண்டும். ஆகவே, தேடவேண்டியது உலகத்து உண்மையன்று. உரைப்பகுதி தாங்கவல்ல கூற்று.

பல்தேர்வு வினாக்களின்மீது எழுந்த கண்டனங்களுள் வன்மை மிக்கது பனேஷ் ஹொவ்மன் என்பார் 1962 இல் வெளியிட்ட ‘பரீட்சைகளின் கொடுங்கோன்மை’ என்னும் பொருள்படும் நூல். கணிதமும் பௌதிகமும் வல்ல அவர், இவ்வினாக்கள் மேலோட்டமாகக் கூர்மையுடையாரை உயர்த்தி ஆழ்ந்து சிந்திப்பாரைத் தண்டிக்கின்றன என்றார். இலண்டன் பத்திரிகையொன்றில் வெளிவந்த கடிதம் ஒன்றை அவர் எடுத்துக்காட்டுவர்: கிரிக்கெற், உதைபந்தாட்டம், பில்லியட்ஸ், ஹொக்கி என்னும் நான்கனுள் இனத்தோடு சேராதது யாது என்பது அக்கடிதத்திற் கண்ட வினா. உள்ளரங்கில் ஆடப்படுவது என்று பில்லியட்சை நீக்கலாம். கையிற் கோலோ மட்டையோ இல்லாதது என்று உதைபந்தாட்டத்தை நீக்கினும் தவறில்லை. சிந்திக்கச் சிந்திக்க விடைகள் பெருகும். சிந்தியாதவனே விரைந்து குறியிட்டுப் போவான்.

இக்கண்டனம் கிரகித்தல் வினாவையும் பற்றுமா? விளையாட்டு வினாவில் முறையிட்டுக்கொள்ள ஒரு நூல் இல்லை. வினா இயற்றியவர் மனமே அளவுகோல். கிரகித்தல் வினாவிலோ உரைப்பகுதி நடுநின்று சான்று கூறும். ஒரு விடை பிழையெனின், அதனைப் பிழையாக்கும் சொல் பகுதியில் இன்ன இடத்தில் உளது எனச் சுட்டுதல் கூடும். அன்றி, அவ்விடைக்கு ஆதரவான சொல் எங்கும் இல்லையெனக் காட்டுதல் கூடும். அவ்வாறு சுட்டவும் காட்டவும் இடந்தரும் வினாவே நேர்மையான வினா. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, 2007 ஆம் ஆண்டு வினாத்தாளின் நான்கு பகுதிகளும் ஒரு தரத்தன அல்ல.

அவற்றுள் தலைசிறந்தது அயர்லாந்துப் பகுதி. அது கூறுவது இது: அந்நாட்டு நிலத்தின் பழைய நிலையை அறிய ஆராய்ச்சியாளர் பெரிதும் எழுத்துப் பத்திரங்களையே நம்பி வந்தனர். அவையோ துண்டு துண்டானவை. 17 ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட நம்பத்தகு செய்திகள் பல இடங்களுக்கு அரிதாகவே கிடைக்கின்றன. சதுப்புக்களிலும் ஏரிச்சேற்றிலும் புதைந்து கிடக்கும் மகரந்தத் துணிக்கைகளை ஆராய்ந்தால் பத்திரங்களின் குறையை நிரப்பலாம். சிலவிடத்துத் திருத்தவும் செய்யலாம். டவுண் மாவட்டத்து லோங் லொக் என்னும் ஏரிச்சேற்றில், கி. பி. 400 அளவிலிருந்தே தானியப் பயிர்களின் மகரந்தம் குறிப்பிடத்தக்க அளவிற் காணப்படுகின்றது. களிமண் மிக்க அந்நிலம், மண்ணைப் புரட்டும் புதிய கலப்பை 7 ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்கு வருமுன் அத்துணை உழப்படவில்லை என்பது வரலாற்றாசிரியர் கருத்தாயிருந்தது. தானியம் விளைய உழவு வேண்டும். ஆதலின், அக்கலப்பைக்கு முன்னரே அந்நிலம் உழப்பட்டது என்பது பெறப்படும். இனி, 18 ஆம் நூற்றாண்டில் டவுண் மாவட்டம் லினன் நெசவுக்குப் பேர்பெற்றிருந்தது. லினனுக்கு நார் தரும் ஆளிச் செடி அயர்லாந்தில் அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே பயிரிடப்பட்டும் வந்தது. இவ்விரண்டையும் இணைத்து, டவுணிலும் அந்நூற்றாண்டுக்கு முன்பே ஆளி விளைந்திருக்கும் எனச் சிலர் ஊகித்தனர். ஆளியின் மகரந்தமோ 18 ஆம் நூற்றாண்டு முதலாகப் படிந்த சேற்றில் மட்டுமே அகப்பட்டது. இறுதியாக, இவ்வாராய்ச்சிக்கும் எல்லை உண்டென்று பகுதி எச்சரிக்கின்றது. சில செடிகளை மகரந்தம் கொண்டு குடும்ப அளவிலேயே அறியமுடியும். சாயத்துக்கென வளர்க்கப்பட்ட மாடர் என்னும் செடியின் மகரந்தத்தை, அதே குடும்பத்துக் களைகளின் மகரந்தத்தினின்றும் பிரித்தறிய இயலாது.

இனி, மகரந்தச் சான்று எக்கருத்துக்கு மாறாக நிற்கின்றது என்று வினவினால், விரைந்து வாசித்தவர் கண் கலப்பையின்மேற் செல்லும். புதிய கலப்பை 7 ஆம் நூற்றாண்டில் வந்தது என்னும் கூற்றே தகர்ந்தது எனக் கொள்ளத் தோன்றும். ஏன்? பழைய வரலாற்றாசிரியர் கூற்று ஒன்று பொய்த்தது என்பது நினைவில் நிற்கின்றது. அக்கூற்றோடு கலப்பையும் நூற்றாண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆயினும், கலப்பை வந்த காலத்தைச் சேற்றிலுள்ள மகரந்தம் தொடவேயில்லை. மாறாக, அக்காலத்தை உண்மையென ஏற்றுக்கொண்டாலன்றி, ‘கலப்பைக்கு முன்னரே உழவு நடந்தது’ என்னும் முடிபே நில்லாது. தகர்ந்தது யாதெனின், அத்தகைய நிலங்களில் 7 ஆம் நூற்றாண்டுக்கு முன் தானியம் அவ்வளவாக விளையவில்லை என்னும் கருத்து ஒன்றே. ஒரு நியாயத்தின் முடிபையும், அம்முடிபைத் தாங்கும் கருவியையும் வேறுவேறாகப் பிரித்து வைக்க முடியாதவர் இங்கே இடறுவர். நீதிமன்றத்தில் எதிர்க்கட்சியின் வாதத்தை மறுப்பவர், தமக்கும் வேண்டியதொரு செய்தியைச் சேர்த்து மறுத்துவிடும் பிழை இதனோடு ஒக்கும்.

ஆளியைப் பற்றிய இடத்தில் வேறொரு பொறி உளது. ‘18 ஆம் நூற்றாண்டுக்கு முன் அயர்லாந்தில் ஆளி பயிரிடப்படவில்லை’ என்பதை ஒரு விடையாக வைத்தால் அதனை நம்புவார் பலர் உளர். பகுதி மறுத்தது டவுணைப் பற்றிய ஊகத்தை. அயர்லாந்து முழுவதையும் பற்றியதன்று. அயர்லாந்தில் அதற்கு முன்னரே ஆளி இருந்ததென அதே பந்தி சொல்கின்றது. ஈண்டு நயக்கத்தக்கது ஒன்றுண்டு. நாட்டுக்குப் பொருந்தியது மாவட்டத்துக்கும் பொருந்தும் என எண்ணியதே அவ்வரலாற்றாசிரியர் செய்த பிழை. மாவட்டத்துக்குப் பொருந்தியதை நாட்டுக்கு ஏற்றும் வாசகர், அவர் பிழையையே தலைகீழாகச் செய்கின்றார். அதுவும் அப்பிழையைச் சுட்டிக்காட்டும் பந்தியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே.

மாடர்ச் செடி பற்றிய பந்தியில் தூண்டுவது வாசகரின் கல்வியேயாம். இச்செடி நம் நாட்டு வைத்தியர் வழங்கும் மஞ்சிட்டியின் உறவு; யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முன்னாளில் அகழ்ந்தெடுத்த சாயவேரும் இக்குடும்பத்ததே. இவற்றை அறிந்தவர்க்கு மாடர் என்றதும் செந்நிறம் கண்முன் தோன்றும். ‘செஞ்சாயம் தந்த செடியொன்று அயர்லாந்தில் வளர்க்கப்பட்டது என்பது இப்பகுதியால் அறியப்படும்’ என ஒரு விடை இருக்குமாயின், அறிவுடையார் அதனைத் தயங்காது தெரிவர். அது உண்மையும்கூட. ஆயினும் சாயத்தின் நிறத்தைப் பகுதி கூறவில்லை. பிறிதொருவர், மகரந்தத்தாற் பிரித்தறிய முடியாது என்பதை அச்செடி அங்கே இருந்ததற்குச் சான்றே இல்லை என்பதாகத் திரித்துக்கொள்வர். ஒரு சாட்சி காணமாட்டாதது நிகழவேயில்லை என்று அவர் கருதுகின்றார். முன்னவர் தாம் அறிந்ததை நூலின்மேல் ஏற்றினார். பின்னவர் நூலின் மௌனத்தைப் பேச்சாக்கினார்.

சட்டம் என்னும் சொல்லே வாராத இப்பகுதிதான் நான்கனுள்ளும் சட்டத்துக்கு மிக அணித்தாயிருக்கின்றது. பத்திரச் சான்றும் பொருட்சான்றும் முரண்படின் எதனை எவ்வளவுக்கு ஏற்பது, நிபுணர் கூற்றின் எல்லை யாது, ஒன்று இல்லையென்பதற்கும் ஒன்று தெரியவில்லையென்பதற்கும் வேறுபாடு யாது என்பன நாடோறும் நீதிமன்றங்களில் எழும் வினாக்கள். பதிப்புரிமை பற்றிய மூன்றாம் பகுதி பெயரளவிற் சட்டத்தைப் பேசுகின்றது. இணையத்திலுள்ள ஓர் ஆவணத்துக்கு வழிகாட்டும் இணைப்பைத் தருதல், தொலைபேசியிற் பதிந்துவைத்த செய்தியைக் கேட்கத் தொலைபேசி எண்ணைச் சொல்வது போன்றது என்னும் உவமையே அதன் உயிர். அவ்வுவமையின் பயனை அறிந்தார்க்கு அங்கே பெரிய இடர் இல்லை.

சொல்லொன்று தன் அளவுக்கு மேல் வலிமை பெற்று ஏனையவற்றை மறைத்துவிடுவதே வாசிப்புப் பிழைகளின் பெருங்காரணம் என்பதை எட்வேட் தோண்டைக் என்னும் உளநூலறிஞர் 1917 இலேயே காட்டினார். அவர் மாணாக்கர்க்குக் கொடுத்த பந்திகளுள் ஒன்று ஒரு சட்டவிதி போன்றது: பிராங்கிளின் என்னும் ஊரில், 7 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையும் பாடசாலை நடைபெறும் நாளெல்லாம் செல்லல் வேண்டும், போகமுடியாத அளவு நோயுற்றாலோ, வீட்டில் ஒருவர்க்குத் தொற்றுநோய் இருந்தாலோ, பாதை செல்லற்கரியதாய் இருந்தாலோ விலக்கு உண்டு. இப்பந்தியின் பொருள் யாது என்று கேட்டபோது ‘பிராங்கிளின்’ என்று எழுதியவர்களும் இருந்தனர். ஊர்ப்பெயர் முதலில் நின்று மனத்தைப் பற்றிக்கொண்டது. சொற்களை ஒவ்வொன்றாய் அறிவது வாசிப்பன்று. ஒவ்வொன்றுக்கும் உரிய நிறையைக் கொடுத்து நிறுத்துப் பார்ப்பதே வாசிப்பு என்பது அவர் முடிபு. டவுண் என்னும் சொல்லுக்கு அயர்லாந்தின் நிறையைக் கொடுத்தவர், வயதால் முதிர்ந்தவராயினும், பிராங்கிளின் என எழுதிய சிறுவர்க்கு உறவினரே.

இரட்டைக் கட்டுரைப் பகுதியில் பிழை வேறு வடிவெடுக்கின்றது. முதற் கட்டுரையாளர், இசையும் மொழியும் மூளையில் ஒரே தளத்தைப் பங்கிட்டுக்கொள்வன. மனித இனத்தின் மூளை பெருக்கப் பெருக்க இரண்டும் உடன்வளர்ந்தன. ஆயினும் இயற்கைத் தேர்வு மொழியையே முதன்மையாகப் பற்றியது, இசை மொழியைத் தொற்றிக்கொண்டு வந்தது போலும் என்பர். இரண்டாம் கட்டுரையாளர், தாயும் சேயும் முகம் நோக்கி நிகழ்த்தும் ஒலியாடலிலே இசையின் தோற்றத்தைக் காண்பர். மூளை பெருத்து, நிமிர்ந்து நடத்தலாற் பிறப்புவழி குறுகி, குழந்தை முதிராது பிறக்கத் தொடங்கியபின் நெடுநாட் பேணுதல் வேண்டிற்று. அப்பேணுதலுக்கு உதவிய பிணைப்பே இசைத்திறனின் அடிப்படை என்பது அவர் கொள்கை.

இவ்விருவரும் எங்கே ஒன்றுபடுகின்றனர், எங்கே வேறுபடுகின்றனர்? மூளையின் பெருக்கத்தோடு இசையைத் தொடர்புபடுத்துவதில் இருவரும் ஒருவழிப்பட்டோர். இசைக்குத் தன்னளவில் வாழ்க்கைப் பயன் உண்டோ என்பதில் எதிர்நிலையினர். மொழியைப் பற்றியோ இரண்டாமவர் வாய் திறக்கவில்லை. ‘இசை மொழியோடு தொடர்பற்றது என்பது அவர் கருத்து’ என்னும் விடை, முதற் கட்டுரையின் சூடு மனத்தில் ஆறாதிருக்கையில் வாசிப்போரை எளிதில் ஈர்க்கும். முதலாமவர் ஒரு பக்கத்தில் நின்றால் இரண்டாமவர் அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்றல் வேண்டும் என்பது வாசகர் தாமே கட்டிக்கொண்ட நாடகம். பேசாமை வேறு, மறுத்தல் வேறு.

தமிழ் மரபில் வந்தவர்க்கு இவ்விடம் புதிதன்று. நூலாசிரியன் கொள்ளும் மதம் எழுவகை என்று நன்னூல் வகுத்துள்ளது. பிறர் கொள்கைக்கு உடன்படுதலும், மறுத்தலும், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும், இருவர் மாறுகொண்டவிடத்து ஒருவர் பக்கம் துணிதலும், எதனோடும் படாது தன் வழி நிற்றலும் வேறுவேறாக எண்ணப்பட்டன. எல்சாற் வினாக்கள் ‘ஆசிரியர் மனப்பாங்கு’ என்று கேட்பது இவ்வேறுபாட்டையே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. உரையாசிரியர் முன்னையோர் உரையை அறிந்தே ‘என்பாரும் உளர்’ எனக் குறித்து மறுப்பர். இங்கோ இரு கட்டுரைகளும் ஒன்றையொன்று அறிந்தமைக்கு அடையாளம் இல்லை. அவற்றை வழக்காட வைப்பவர் வாசகரே. ஆதலின், சாட்சிகள் சொல்லாத சொல்லை அவர்கள் வாயில் இடாதிருக்கும் பொறுப்பும் வாசகர்க்கு மிகுதி. இப்பகுதி புகுத்தப்பட்டமை பரீட்சைக்கு நலஞ்செய்தது எனலாம்.

நலஞ்செய்யாதது முதற்பகுதி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒருவரைக் கவிஞராகவோ கதாசிரியராகவோ பயிற்றுமேயன்றி இரண்டுமாகப் பயிற்றுதல் அரிது. பல துறை வல்லாரை ஐயுறும் மனப்பாங்கே அதற்குக் காரணமாகலாம். நல்ல காலமாக அம்மனப்பாங்கு தளர்ந்து வருகின்றது. அதற்கு எடுத்துக்காட்டு றீற்றா டவ் என்னும் ஆபிரிக்க அமெரிக்க எழுத்தாளர் என்பது அதன் சாரம். 1987 இல் கவிதைக்காகப் புலிற்சர் பரிசு பெற்று, 1993 முதல் 1995 வரை அந்நாட்டின் அரசவைக் கவிஞர் பதவியையும் வகித்தவர் டவ். அவருடைய கவிதை உணர்ச்சிப் பாடலாகவும் அதேவேளை கதையாகவும் அமைவதற்கு உதாரணங்கள் பல உள என்று பகுதி கூறுகின்றது. கூறிவிட்டு, ஓர் உதாரணமும் தாராது அப்பாற் செல்கின்றது.

இப்பகுதியிலும் கற்றற்குரியன இல்லாமலில்லை. ‘ஆகலாம்’ என்னும் ஐயச்சொல்லைக் கவனியாதார், அக்காரணத்தை ஆசிரியர் துணிந்து கூறினார் என்பர். ‘நல்ல காலமாக’ என்னும் சொற்றொடரைத் தாண்டிச் சென்றார், ஆசிரியர் நடுநிலை நின்றார் என்பர். இடைச்சொல் சிறிது, பொருளோ அதன்வழியே திரும்பும். ஆயினும் டவ்வின் கவிதையைப் பற்றிய கூற்றுக்களை வாசகர் நிறுத்துப் பார்க்க வழியில்லை. அயர்லாந்துப் பகுதி, தான் சொன்னதற்கு ஏரிச்சேற்றைச் சான்றாகக் கொணர்ந்தது. இங்கே கவிதையே சான்று. அது மன்றுக்கு வரவில்லை. கவிதையைப் புகழும் ஒருவர் கூற்றை மட்டும் வாசித்து, அப்புகழைச் சரியாகத் திருப்பிச் சொன்னவர் புள்ளி பெறுகின்றார். கேம்பிறிஜில் ஐ. ஏ. றிச்சட்ஸ் பாடல்களை ஆசிரியர் பெயரின்றி மாணாக்கர் கையிற் கொடுத்து, அவர்கள் எழுதிய அபிப்பிராயங்களை 1929 இல் நூலாக்கினார். அங்கே பெயர் மறைந்தது; பாடல் இருந்தது. இங்கே பெயர் இருக்கின்றது, பாடல் மறைந்தது. இலக்கியத்தைப் பொருளாகக் கொண்ட பகுதியிலேயே இலக்கியம் படிக்கும் திறன் சோதிக்கப்படாமற் போவது குறையே. ஹொவ்மனின் கண்டனம் ஈண்டு மீண்டும் உயிர்பெறுகின்றது: கவிதை பற்றிய அப்புகழ்ச்சியை ஏற்கத் தயங்கி, ‘இதற்கு ஆதாரம் எங்கே’ எனக் கேட்கும் மாணாக்கருக்கு ஐந்து விடைகளுள் ஒன்றும் இடந்தராது.

காலம் என்னும் கண்டிப்பும் கருதத்தக்கது. 35 நிமிடத்தை 27 வினாக்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏறக்குறைய 78 செக்கன் வரும். பகுதிகளை வாசிக்கும் நேரமும் அதனுள் அடக்கம். வழக்கறிஞர் ஒருவர் ஒரு பத்திரத்தை இவ்வேகத்தில் வாசித்து ஆலோசனை கூறின், அவரை நாடுவார் இரார். விரைவும் ஒரு திறனே என்பர் சிலர். அஃது உண்மையாயினும், நிறுத்துப் பார்த்தலை அளக்க எழுந்த கருவி, நிறுப்பதற்குரிய நேரத்தைக் குறைத்துவிட்டு அளப்பது முரண். அவ்வளவில் மெதுவாக ஆழ்ந்து வாசிப்பார் இழப்பது ஒரு வினாவையன்று. 120க்கும் 180க்கும் இடையில் தமக்குரிய இடத்தை.

இம்முரணாற் பிழைப்பன பயிற்சி வகுப்புக்களில் விற்கப்படும் உபாயங்கள். வினாக்களை முதலில் வாசித்துவிட்டுப் பகுதிக்குள் சொல் தேடுக என்பது ஒன்று. ஒவ்வொரு பந்திக்கும் அருகில் இரண்டொரு சொல்லிற் சாரம் எழுதுக என்பது மற்றொன்று; இது நல்ல உபாயம், ஏனெனில் வாசிக்கத் தூண்டுகின்றது. முன்னது வாசியாதிருக்கக் கற்பிக்கின்றது. பயிற்சியிற் பெரும்பயன் தருவது இவை இரண்டும் அல்ல. முடிந்த வினாத்தாளை மீண்டும் எடுத்து, காலத்தை மறந்து, சரியான விடையை ஒருபுறம் வைத்துவிட்டு, எஞ்சிய நான்கும் எச்சொல்லாற் பிழைபட்டன என்பதைத் தன் மொழியில் எழுதிப் பார்ப்பதே அது. சரியான விடை பெரும்பாலும் சாரமற்றதாய், பகுதி கூறியதையே வேறு சொல்லாற் கூறுவதாய் இருக்கும். வினா இயற்றியவரின் கைவண்ணம் பிழையான விடைகளிலேயே காணப்படும்: ஒன்று பகுதியின் சொல்லைத் திருடிப் பொருளை மாற்றும், ஒன்று பாதி உண்மையைச் சொல்லி மீதியைக் கூட்டும், ஒன்று உலகத்தில் உண்மையாய், பகுதியில் இல்லாததாய் நிற்கும். தான் தவறாகத் தெரிந்த விடைகளை ஒரு மாதம் இவ்வாறு எழுதி வைப்பவர், தம் பிழைகள் நூறாயினும் வகை இரண்டொன்றே எனக் காண்பர்.

உபாயங்களுள் மிகப் பரவியது, ‘எல்லாம்’, ‘ஒருபோதும்’, ‘மட்டுமே’ முதலிய வன்சொற்கள் வரும் விடையைக் கண்டவுடன் விலக்குக என்பது. பல இடங்களில் அது பலிக்கவும் செய்யும். பெரிய கூற்றைத் தாங்கப் பெரிய சான்று வேண்டும் என்னும் உண்மை அதன் பின்னணியில் உளது. ஆயின் அயர்லாந்துப் பகுதிக்கு மீண்டு, ‘ஆய்ந்த சேற்றில் ஆளியின் மகரந்தம் 18 ஆம் நூற்றாண்டு முதலாகப் படிந்தவற்றில் மட்டுமே இருந்தது’ என்னும் விடையை இவ்வுபாயத்தின் முன் வைத்தால், அது முதற்பார்வையிலேயே தள்ளுண்டு போகும். பகுதியிலோ, ஆளியைப் பற்றிய பந்தியின் இறுதி வாக்கியத்தில், அதே ‘மட்டுமே’ நிற்கின்றது. டவுண் வரலாற்றாசிரியரின் ஊகம் வீழ்ந்தது அவ்வொரு சொல்லினால்.